பயப்படாதீங்கன்னு சொல்றதை மொதல்ல நிறுத்துங்கய்யா!

மொதல் தடவை பிளைட்ல ஏறுறவங்களை நக்கல் பண்ணி எழுதுறதுன்னா நம்ம பதிவர்களுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. சீட் கைப்பிடியை இறுக்கிப் புடிச்ச மாமா, கண்ணை மூடி கவசம் சொன்ன பாட்டின்னு நானும் ரெண்டு மொக்கை தேத்தியிருக்கேன். அதுக்கெல்லாம் சேத்து இன்னிக்கு பிராயச்சித்தம். கொஞ்சம் காரமா இருக்கும் மக்களே, பொறுத்துக்குங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்கம்மாவுக்கு மொதல் விமானப் பயணம். சென்னையிலேருந்து புனே. ஏர்பஸ் ஏ320, றெக்கை பக்கத்துல சீட். வண்டி பின்னாடி நகர்ந்து எஞ்சின் போட்டதும் காலுக்கு அடியில "வவ்... வவ்... வவ்"னு சத்தம்.

"ஏலே, கீழ நாயைப் போட்டு அடைச்சு வச்சிருக்கானுவளா?"

நான் சிரிச்சேன். மேல கெளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகலை, எஞ்சின் சத்தம் சட்டுன்னு அடங்குச்சு. வயித்துல ஏதோ நழுவுற மாதிரி. அம்மா என் கையில நகம் பதியப் புடிச்சாங்க. "எஞ்சின் நின்னுட்டுலே!" பக்கத்து சீட்டு லேப்டாப் ஆசாமி "ஃபர்ஸ்ட் டைமா?"ன்னு ஒரு நமுட்டுச் சிரிப்பு. பணிப்பெண் "ரிலாக்ஸ் மேடம்"னுட்டுப் போயிட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இரும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அது என்ன சத்தம்னு தெரியாது. அதை ஒத்துக்காம அம்மாவை அதட்டினேன். அவ்ளோதான் மேட்டர்.

அப்புறம் உக்காந்து படிச்சேன். அந்த நாய்க்குப் பேரு பவர் டிரான்ஸ்ஃபர் யூனிட். ஏ320ல மூணு ஹைட்ராலிக் அமைப்பு இருக்கு. அதுல ரெண்டுக்கு நடுவுல அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் தாண்டினா, வலுவா இருக்குறது சோர்ந்து கெடக்குறதுக்குக் கை கொடுக்கும். விட்டு விட்டு வேலை செய்யுறதால குரைக்கிற மாதிரி கேக்குது. ரெண்டாவது எஞ்சினைப் போடும்போது தன்னைத்தானே சோதிச்சுப் பாக்குறதும் அதே சத்தம்தான்.

எஞ்சின் "நின்ன" கதை? தரையை விட்டுக் கெளம்புறதுக்குத்தான் அதிக சக்தி வேணும். சுமார் 1,000 - 1,500 அடி போனதும் பைலட் வேணும்னேதான் கொறைக்கிறார். ஏறுற வேகம் கொஞ்சம் தளர்ந்தாலே காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு "விழுறோம்"னு மூளைக்குத் தப்பாத் தகவல் சொல்லுது. ஆனா வண்டி ஏறிக்கிட்டேதான் இருக்கு.

கெளம்பினதும் கேக்குற "தடக்" சக்கரம் உள்ள மடங்குறது. எறங்கும்போது வர்ற "கொர்ர்" மோட்டார் சத்தம் றெக்கையோட ஃபிளாப்ஸ் நீளுறது. தரை தொட்டதும் வர்ற பேரிரைச்சல், எஞ்சின் காத்தை முன்பக்கமாத் திருப்பி வேகத்தைக் கொறைக்கிறது. "டிங்" பெரும்பாலும் எவனோ தண்ணி கேக்குறான் :-)

இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா? விமானக் கம்பெனிக்காரங்களே, வாட்ச், சென்ட், சாண்ட்விச் விக்க அறிவிப்பு செய்ய நேரம் இருக்கு. "இப்ப எஞ்சின் சத்தம் கொறையும், அது சாதாரணம்"னு ஒரு வரி சொல்ல வாய் வராதா?

"சொன்னா இன்னும் பயப்படுவாங்க"ன்னு ஒரு கோஷ்டி கெளம்பும். யோவ், சத்தம் ஏற்கெனவே கேக்குதுய்யா! நாம எழுதுற சாஃப்ட்வேர் அர நிமிஷம் உறைஞ்சு நின்னா யூசர் பதறுறான். அதுக்காக அவனை முட்டாளுங்கிறோமா? (சரி, டீ குடிக்கும்போது சொல்வோம்.) ஆனா அடுத்த ரிலீஸ்ல "வேலை நடக்குது"ன்னு ஒரு பட்டையை ஓட விடுறோம்ல?

இன்னொரு கோஷ்டி புள்ளிவிவரப் புலிங்க. "கார்ல போறதைவிட பிளைட் பாதுகாப்பு." உண்மைதான். ஆனா 2025 ஜூன் 12 அன்னிக்கு அகமதாபாத்ல விமானத்துல இருந்த 242 பேர்ல ஒருத்தர்தான் பிழைச்சார். அதை டிவியில பாத்தவங்ககிட்ட போய் சதவீதம் பேசுவீங்களா? ஒண்ணும் ஆகாதுன்னு யாரும் சத்தியம் பண்ண வேண்டாம். எது சாதாரணம், எதுக்கு ஜாக்கிரதையா இருக்கணும்னு பிரிச்சுச் சொல்லுங்க. 2024 மே மாசம் லண்டன் - சிங்கப்பூர் விமானம் பயங்கரமாக் குலுங்கி ஒருத்தர் இறந்தார், பல பேருக்குக் காயம். அதனால விளக்கு அணைஞ்சாலும் பெல்ட்டைக் கழட்டாதீங்கன்னு சொல்லுங்க. "ரிலாக்ஸ் மேடம்"ல இது எதுவுமே இல்லை.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, போன வருஷம் புனேயில எங்கக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். குறிச்ச தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே வலி வந்துடுச்சு. தூத்துக்குடியில ஏறி சென்னை மாறியிருந்தா அம்மா அன்னிக்கே போயிருக்கலாம். "எஞ்சின் நிக்கிற அந்த எடத்தை இன்னொரு தடவ என்னால தாங்க முடியாதுலே"ன்னு சொல்லிட்டாங்க. முட்டி வலியோட ரெண்டு ராத்திரி ரயில். போய்ச் சேர்ந்தப்போ பேத்தி பொறந்து ஒரு நாளாச்சு. அக்கா இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்லை. பேசியிருந்தாக்கூடப் பரவால்ல.

அந்த லேப்டாப் ஆசாமியோட சிரிப்பும் என்னோட "சும்மா இரும்மா"வும் சேந்து செஞ்ச வேலை அது.

அதனால அடுத்த தடவை பக்கத்து சீட்ல யாராவது கைப்பிடியை இறுக்கினா, சிரிக்காதீங்க. "சக்கரம் மடங்குதுங்க, அதான் சத்தம்"னு சொல்லுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க.

அடுத்த மாசம் பேத்திக்கு காதுகுத்து. டிக்கெட் இன்னும் போடலை. சத்தத்தையெல்லாம் வரிசையா எழுதி அம்மாவுக்கு அனுப்பியிருக்கேன். நேத்து போன் பண்ணி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க:

"அந்த நாய் மொதல்ல கொரைக்குமா, எஞ்சின் மொதல்ல அடங்குமா?"