பாயிண்ட் கணக்கு காளான் அறைக்குப் போதாது

போன மாதம் பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பின்கட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. முன்பு பிள்ளைகள் படித்த அறை. இப்போது கம்பி கட்டி, உறிபோல வரிசையாகச் சிப்பிக்காளான் படுக்கைகள் தொங்குகின்றன. சுவரெல்லாம் நனைத்த சாக்கு. கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தால் ஆணியில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தண்ணீர் தெளிக்கிற அரை ஹெச்.பி. பம்ப், எக்ஸாஸ்ட் ஃபேன், டேபிள் ஃபேன் மூன்றும் அதில்தான். பிளக்கைக் கழற்றினோம். பின்னில் பச்சைக் களிம்பு. சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.

“அந்தக் கம்பியத் தொட்டா லேசா விறுவிறுங்கும் அண்ணாச்சி, பழகிட்டு” என்றார் அந்த வீட்டு அம்மா.

அந்த ‘பழகிட்டு’ இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அந்த வீட்டுக்கு வயரிங் செய்தவர் வேலை தெரியாதவர் அல்லர். படிக்கிற அறைக்கு ரெண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு 6 ஆம்பியர் பிளக், எல்லாம் ஒன்றரை ஸ்கொயர் வயரில். அந்த அறைக்கு அது சரி. பிறகு அறையின் தொழில் மாறியது. யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நாமும் போய்க் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் இந்த அறைகள் இனியும் கூடும். கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற தாமிரபரணிப் பாசனத்தில் வைக்கோலுக்குக் குறைவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 பால்காளான் 30 முதல் 35 டிகிரியில் நன்றாக வரும். நெல்லை வெயிலுக்கென்றே அமைந்தது போன்ற ரகம். சிப்பிக்காளானுக்கு 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும், சித்திரையில் ஏ.சி. இல்லாமல் அது நடக்காது. எந்தக் காளானானாலும் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குமேல் நிற்க வேண்டும். படுக்கை போடவும் வித்து இடவும் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். மின்சாரத்தைச் சொல்லித் தர வேண்டியவர்கள் நாம்தான்.

நம் தொழிலில் எஸ்டிமேட் என்றாலே பாயிண்ட் கணக்கு. பாயிண்டுக்கு இவ்வளவு கூலி, மொத்தம் இத்தனை பாயிண்ட். கூலி பேச அது வசதியான முறை. சர்க்யூட் பிரிக்கவும் அதையே அளவுகோலாக்கிக்கொண்டதுதான் தவறு. காளான் அறையில் பாயிண்ட் எண்ணினால் நாலைந்துதான் வரும். எண்ண வேண்டியவை வேறு இரண்டு: எந்தச் சாமான் எத்தனை மணி நேரம் ஓடும், தண்ணீர் எதன்மேல் படும்.

நேரத்தை முதலில் பார்ப்போம். ஒன்றரை டன் ஏ.சி. 1,800 வாட், பம்ப் 600, ஃபேனும் விளக்கும் சேர்த்து 300 என்று வையுங்கள். 2,700 வாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 12 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. தாங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் எம்.சி.பி.யின் மதிப்பு 30 டிகிரிச் சூட்டுக்குக் குறித்தது. மேற்குச் சுவரில், தகரக் கூரையடியில் மாட்டிய டி.பி. பெட்டிக்குள் மே மாதம் 50 டிகிரி சாதாரணமாக வந்துவிடும். அந்தச் சூட்டில் 16 என்பது 14 அளவுக்கு இறங்கும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்து கம்ப்ரசர் கூடுதலாக இழுத்தால் ட்ரிப் ஆகும். உடனே 32 எம்.சி.பி. போட்டுத் தருகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சுவருக்குள் இருப்பது பழைய ஒன்றரை ஸ்கொயர் வயர்தான். அதற்குப்பின் தீயைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. ஏ.சி.க்கு டி.பி.யிலிருந்து நேராக 4 ஸ்கொயரில் 20 ஆம்பியர் தனி லைன், மற்றவற்றுக்கு ரெண்டரை ஸ்கொயரில் வேறு லைன் என்று பிரித்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது. வீட்டின் மற்ற லோடையும் கூட்டிப் பாருங்கள். 4 கிலோவாட்டைத் தாண்டினால் மும்முனை இணைப்புக்குப் போக வேண்டும். காளானை விற்கிற வீடென்றால் எந்தக் கட்டணப் பிரிவு என்று பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் சங்கதி இதைவிடப் பெரியது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வீட்டு இணைப்பில் கசிவுப் பாதுகாப்புக் கருவி (ஆர்.சி.சி.பி.) 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்க வேண்டும். இது நமக்கெல்லாம் தெரியும். பலர் மாட்டியும் கொடுக்கிறோம். பிறகு ஏன் காளான் வீடுகளில் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைத்து வைத்திருக்கிறார்கள்? அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்றால், ராத்திரி இரண்டு மணிக்குப் பம்ப் மோட்டாரில் கொஞ்சம் கசிந்தாலும் எல்லாம் நிற்கும். ஃபேன் நின்றால் அறையில் கரியமில வாயு சேரும். அது சேர்ந்தால் காளான் தண்டு நீண்டு, குடை சிறுத்துப்போகும். சந்தையில் விலை போகாது. இரண்டு முறை சரக்கு அப்படிப் போனவர் மூன்றாம் முறை ஆள் வைத்து அந்தக் கருவியைக் கழற்றத்தான் செய்வார். அவர் கழற்றாதபடி வயரிங் செய்து கொடுப்பது நம் வேலை. பம்புக்கு ஓர் ஆர்.சி.பி.ஓ., ஃபேனுக்கும் விளக்குக்கும் இன்னொன்று, ஏ.சி.க்கு வேறொன்று. பம்பில் கசிந்தால் பம்ப் மட்டும் நிற்கும். மூன்றுக்கும் ஆகிற செலவை முதலிலேயே எஸ்டிமேட்டில் எழுதுங்கள். எதற்காக என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

சின்ன அறையென்றால் 230 வோல்ட் பம்பே தேவையில்லை. ஆர்.ஓ. மெஷினில் வருகிற அதே 24 வோல்ட் பூஸ்டர் பம்ப் பத்துக்குப் பன்னிரண்டு அறையின் பனித்தூவலுக்குப் போதும். அடாப்டரை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் ஈரக் கைக்குப் பக்கத்தில் வருவது 24 வோல்ட் மட்டுமே.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் ஒரு தொல்லை உண்டு. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் ஆர்.சி.பி.ஓ. ஆன் நிலையில் நிற்கவே நிற்காது. ‘கருவி கோளாறு’ என்று கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பு நியூட்ரலைப் பிரித்துப் பாருங்கள். எல்.இ.டி. விளக்கு அடுக்குகள் வைத்துக் கீரை முளைகள் வளர்க்கிறவர்களுக்கு வேறொன்று: ஒவ்வொரு டிரைவரும் எப்போதும் துளித்துளியாய் எர்த்துக்குக் கசியவிடும். இருபது முப்பது டிரைவர் ஒரே ஆர்.சி.பி.ஓ.வில் இருந்தால் பழுதே இல்லாமல் ட்ரிப் ஆகும். அடுக்குகளைப் பங்கிட்டுக் கொடுங்கள். ஸ்விட்ச் போட்டதும் பாய்கிற கரண்டுக்கு சி டைப் எம்.சி.பி. வையுங்கள்.

ஸ்விட்ச், சாக்கெட், டி.பி. எதுவும் அறைக்குள் வேண்டாம். உள்ளே போகிற பைப் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். மேலிருந்து இறக்கினால் பைப்புக்குள் வேர்க்கிற தண்ணீர் நேராக டெர்மினலில் சொட்டும். உள்ளே ஐ.பி. 65 ஃபிட்டிங் மட்டும். படுக்கை தொங்குகிற கம்பியையும் ரேக்கையும் எர்த்தோடு கட்டுங்கள். மெகரில் 500 வோல்ட் வைத்து அளக்கும்போது அறை காய்ந்திருக்கிற முதல் நாளோடு விடாதீர்கள். பத்து நாள் பனித்தூவல் ஓடிய பிறகு ஒருமுறை போய் அளந்து, இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஈரம் எங்கோ உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

டி.பி.யை எந்த உயரத்தில் வைப்பது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நாம் பார்த்தோம். மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டைப் பக்கம் வேலை எடுத்தால், அன்று வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேளுங்கள். சில வீடுகளில் சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கும். டி.பி. அதற்குமேல் இருக்கட்டும்.

பாளையங்கோட்டை வீட்டில் ஒன்றரை நாள் வேலை ஆனது. எர்த் வயர் இழுத்து, லைன்களைப் பிரித்து, எந்த லைன் எதற்கு என்று டி.பி. கதவின் உள்பக்கம் தமிழில் எழுதி ஒட்டிவிட்டு வந்தோம். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க அந்த அம்மாவின் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். கம்பியில் இப்போது விறுவிறுப்பு இல்லை.

நீங்கள் வயரிங் செய்து கொடுத்த வீடுகளில் எங்கெல்லாம் இன்று காளானோ கீரையோ வளர்கிறது என்று விசாரியுங்கள். கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த மாதமே ஒருநாள் டெஸ்டரோடு போய், அந்த அறைச் சாக்கெட்டில் எர்த் வயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.