தொட்டுப் பாருங்கள் உங்கள் தலையை

பினாங்கின் செபராங் பிறைப் பகுதியில் குவார் கெப்பா என்றோர் ஊர் இருக்கிறது. பழங்காலத்தவர் தின்று எறிந்த சிப்பிகள் மேடாகக் கிடந்த அவ்விடத்தில் 2017ஆம் ஆண்டு ஓர் எலும்புக்கூடு அகப்பட்டது. வயது ஐயாயிரம் ஆண்டுக்கு மேல். "பினாங்குப் பெண்" என்று அதற்குப் பெயர் வழங்குகிறது. அதே ஊரில் முன்காலத்தில் தோண்டிய எலும்புகள் நெதர்லாந்து நாட்டுக்குப் போய்விட்டன. இதுவாவது நம் மண்ணில் கிடைத்ததே!

வெறும் எலும்பைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று எப்படிச் சொல்கிறார்கள்? இடுப்பெலும்புதான் முதல் சாட்சி. அடுத்தது மண்டையோடு. உங்கள் காதுக்குப் பின்னால் விரலை வையுங்கள். கீழ்நோக்கி ஒரு மேடு தட்டுப்படுகிறதல்லவா? ஆண்களுக்கு அது பெரும்பாலும் பெரிதாக இருக்கும். புருவத்து மேடும் அப்படியே. 'பெரும்பாலும்' என்பதை மறவாதீர்கள். மண்டையோட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

இந்த மேடுபள்ளங்கள் இறந்தவர்களைவிட நம் பிள்ளைகளுக்கே அதிகம் உதவும். கைக்குழந்தையின் உச்சிக்குழி, எலும்புகள் இன்னும் கூடாத இடம். பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில் தானாக மூடிக்கொள்ளும். எண்ணெய் வைத்து அமுக்க வேண்டியதில்லை. வயிற்றுப்போக்கின்போது அது உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று பொருள். காய்ச்சலோடு, அழாதபோதும் புடைத்து நின்றால் அதுவும் ஆபத்து. இரண்டுக்கும் உடனே ஆஸ்பத்திரிதான்.

இனி நெற்றிப்பொட்டு. இதைப் பொட்டில் அடித்தாற்போலவே சொல்லிவிடுகிறேன். நான்கு எலும்புகள் கூடும் இந்த இடம் மண்டையில் மிக மெல்லியது. உட்புறம் ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது. சைக்கிளிலிருந்து விழுந்த பையன் எழுந்து நின்று, "ஒன்றுமில்லை அம்மா" என்பான். சோறும் தின்பான். உள்ளே இரத்தம் கசிந்து மூளையை அழுத்திக்கொண்டிருக்கலாம். சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம்! "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று லயங்களில் படுக்கப் போடுகிறோமே, அந்தத் தூக்கத்தைத்தான் நம்பக்கூடாது. காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் வடிந்தாலும், காதுக்குப் பின்னுள்ள மேடு கன்றிக் கறுத்தாலும், மண்டையின் அடிப்பகுதி விரிந்திருக்கலாம். காலை வரை காத்திராதீர்கள். இரவானாலும் வண்டி பிடியுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்குத் தலைக்கவசம் 1973 முதல் இந்நாட்டில் சட்டம். செம்பனைக் காட்டுப் பாதைதானே என்று அதைக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. போட்டுக்கொள்கிறவர்களிலும் சிலர் தாடை வாரை மாட்டுவதில்லை. விழும்போது தலைக்கு முன்னே கவசம் பறந்துவிடும்.