சந்தூக் இருக்கிறது, சக்கர நாற்காலி எங்கே?



முஹல்லாவில் ஒரு மவ்த் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தால் போதும், கடையைப் பாதியில் அடைத்துவிட்டு ஓடி வருகிறோம். கபன் துணி தயார். கபர் தோண்ட ஆள் தயார். சந்தூக்கிற்குத் தோள் கொடுக்க இளைஞர்களிடையே போட்டி. நல்ல பண்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் அதற்கு முன் இரண்டாண்டுகள் படுக்கையில் கிடந்தாரே, அப்போது நாம் எங்கே இருந்தோம்?

பக்கவாதத்தில் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்தவர், நினைவு தவறியவர், புற்றுநோய் முற்றியவர் என்று தெருவுக்குச் சிலர் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் அதிகம். தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்.

ஒரு மகன் துபாயில். மாதம் தவறாமல் பணம் வருகிறது. உள்ளூர் மகன் காலையில் கடைக்குப் போனால் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். மலம் அள்ளுவதும், துணி மாற்றுவதும், இரவெல்லாம் விழித்திருப்பதும் மருமகளின் தலையில். பெற்றோர் முதுமை அடையும் நிலையைத் திருக்குர்ஆனின் 17வது அத்தியாயம் தனித்து எடுத்துப் பேசுகிறதே, அந்தக் கட்டளை யாருக்கு? பெற்ற பிள்ளைக்கு! மருமகள் செய்வது அவளுடைய நன்மை. உங்கள் கடமை உங்கள் கழுத்தில்தான் இருக்கிறது.

பாசம் இருக்கும் வீடுகளிலும் அறியாமை கொல்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகும். அதுதான் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் பெரும்பாலும் தடுக்கலாம். படுத்த வாக்கில் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்; நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் தரும் மார்பின் மாத்திரை உண்டு. அது கிடைப்பதை எளிதாக்க 2014இல் சட்டமே திருத்தப்பட்டது. மருந்து இருக்கும்போது நோயாளியைத் துடிக்க விட்டுவிட்டு, அதற்கு ஸப்ரு என்று பெயர் சூட்டாதீர்கள்!

சிறுநீர்க் குழாய் பொருத்தியதால் தொழுகை கூடாது என்று எண்ணி அழும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்: ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்து தொழலாம், தண்ணீர் ஆகாது என்றால் தயம்மும், உட்கார முடியாவிட்டால் படுத்தபடி சைகையால் தொழலாம். மார்க்கம் இலேசாக்கியதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நீக்க, நோய்த் தணிப்புச் சேவை தொடங்கியது. பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் அதை ஊர் மக்களே கையில் எடுத்தார்கள். சாதாரண மக்கள் பயிற்சி பெற்றார்கள். சிறு சிறு நன்கொடைகள் சேர்ந்தன. செவிலியர் வீடு தேடிச் சென்றார். 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

தமிழகத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வரும் வகையில் சேர்க்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2007ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எல்லா மதத்தவருக்கும் அது பொருந்தும். தீர்ப்பாயத்தில் மனுச் செய்து ஜீவனாம்சம் பெறலாம். கைவிட்டு ஓடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. நம் பெற்றோர் அந்தப் படியேறினால் சமுதாயத்துக்கே தலைகுனிவுதான். ஆனாலும் வேறு வழியற்ற முதியவரை, "ஜமாஅத் மானம் போகும்" என்று சொல்லித் தடுக்காதீர்கள். மானம் போனது அவர் மனுக் கொடுத்தபோது அல்ல, பிள்ளை கைவிட்டபோது!

இளைஞர்களே! உங்கள் முஹல்லாவில் படுக்கையில் இருப்போரின் பட்டியலை இந்த வாரமே எடுங்கள். நான்கு நான்கு பேராக முறை வைத்துக்கொண்டு போய்க் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும் உதவுங்கள். பெண் நோயாளிகளுக்குப் பெண்கள் குழு அமையட்டும்.

வணிகப் பெருமக்களே! ஒரு காற்றுப் படுக்கை, ஒரு சக்கர நாற்காலி, ஒரு கழிப்பறை நாற்காலி. இவற்றை வாங்கிப் பள்ளிவாசலில் வையுங்கள். சந்தூக்கைப் போலவே ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். உங்கள் தந்தைக்கோ பணம் போதாது. உங்கள் கையால் ஒரு வாய்ச் சோறு வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகக் கடையை அடையுங்கள். ரிஸ்க் குறைந்துவிடாது.

இன்று அவர்கள், ஆயுள் நீண்டால் நாளை நாம். தோள் கொடுக்கும் நன்மையோடு, உயிருள்ளபோதே கை கொடுக்கும் நன்மையையும் அல்லாஹ் நமக்கு நஸீபாக்குவானாக!