வங்கத்தின் 'பெரிய நாள்' யாருக்கு?

அஸ்ஸாமின் தென்கோடியில், பராக் பள்ளத்தாக்கில் உள்ள நகரம் சில்சார். வங்காளிகள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அஸ்ஸாமிய மொழியை மட்டும் மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கும் முயற்சியை எதிர்த்து 1961-ஆம் ஆண்டு மே 19 அன்று இந்நகர ரயில் நிலையத்தில் நடந்த போராட்டத்தில், காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு 11 பேர் பலியானார்கள். மொழிப்போர் வரலாறு உடைய தமிழர்களுக்கு அந்நியமாக இருக்கக் கூடாத ஊர் இது.

அதே சில்சாரில் 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்குள் காவித் துண்டு அணிந்த சிலர் நுழைந்தனர். கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை, அங்கே கூடியிருக்கும் இந்துக்கள்தான் வெளியேற வேண்டும் என்றனர். இந்துக்கள் அன்று துளசி நாளைக் கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அம்மாதத் தொடக்கத்திலேயே பஜ்ரங் தளத்தின் உள்ளூர் நிர்வாகி ஒருவர், கிறிஸ்துமஸ் அன்று தேவாலயம் செல்லும் இந்துக்கள் தாக்கப்படுவார்கள் என்று மேடையில் எச்சரித்திருந்தார். ஷில்லாங்கில் விவேகானந்தர் பெயரிலான மையம் ஒன்று மூடப்பட்டதே அந்தக் கோபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது.

விவேகானந்தரின் பெயரால் கிறிஸ்துமஸுக்குத் தடை! இதைச் சொன்னவர்கள் விவேகானந்தரின் வாழ்க்கை வரலாற்றைப் புரட்டிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஸ்ரீராமகிருஷ்ணர் மறைந்தது 1886 ஆகஸ்டில். அவ்வாண்டு இறுதியில், அப்போது நரேந்திரநாத் தத்தராக மட்டுமே அறியப்பட்டிருந்த விவேகானந்தரும் சக சீடர்களும் ஹூக்ளி மாவட்டத்தின் ஆண்ட்பூர் கிராமத்துக்குச் சென்று தங்கினர். ஒரு சக சீடரின் வீடு அங்கு இருந்தது. டிசம்பர் 24 இரவு முற்றத்தில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து தியானம் செய்தார்கள். தியானம் முடிந்ததும் நரேந்திரர் இயேசுவின் பிறப்பிலிருந்து சிலுவை மரணம் வரை விவரித்தார். தலை சாய்க்க இடமின்றித் திரிந்த அவருடைய சீடர்களைப் போலத் தாங்களும் உலகைத் துறக்க வேண்டும் என்றார். அந்த நெருப்பின் முன்னிலையில் அனைவரும் துறவு வாழ்வுக்கு உறுதி பூண்டனர். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பிறகுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது.

ஆகவே, நவீன இந்தியாவின் மிகப் பெரிய இந்துத் துறவியர் அமைப்பு தன் பிறப்பைக் கிறிஸ்துமஸ் இரவோடு பிணைத்தே நினைவுகூர்கிறது. பேலூர் மடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 மாலை மாதாவும் குழந்தை இயேசுவும் உள்ள படம் அலங்கரிக்கப்படுகிறது. மெழுகுவத்திகள் ஏற்றி, பழமும் கேக்கும் படைத்து, ஆரத்தி காட்டுகிறார்கள். விவிலியத்திலிருந்து இயேசு பிறப்பின் பகுதி வாசிக்கப்படுகிறது. சென்னை மயிலாப்பூர் மடம் உள்பட அந்த அமைப்பின் மற்ற மையங்களிலும் இது நடைபெறுவதை அங்கு செல்லும் அன்பர்கள் அறிவார்கள். இதில் மதமாற்றத்தின் நிழல்கூட இல்லை. 1874 வாக்கில் தட்சிணேஸ்வரத்தில் ஒரு தோட்ட வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மாதாவும் குழந்தையும் படத்தைப் பார்த்துப் பரவச நிலையடைந்த ராமகிருஷ்ணர், காளி கோயில் பூசகராகவே இருந்தார்.

கிறிஸ்துமஸை வங்காளிகள் 'பொரோதின்' என்கிறார்கள். பெரிய நாள் என்று பொருள். மேற்கு வங்கத்தில் மட்டுமல்ல, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்கதேசத்திலும் அதே பெயர்தான். அங்கும் அன்று அரசு விடுமுறை. ஆங்கிலேயன் விட்டுச் சென்ற மிச்சத்தைக் கட்டிக்கொண்டு கொல்கத்தா மகிழ்கிறது என்பது இந்தக் கொண்டாட்டத்தின் மீது நெடுங்காலமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1911 வரை இந்தியாவின் தலைநகராக இருந்த நகரம் அது. கும்பெனி காலத்திலிருந்தே, வெள்ளைக்காரர்களுடன் தொழில் செய்த வங்காளிகளும் அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் டிசம்பர் 25 அன்று துரைகளின் வீட்டுக்குப் பழமும் மீனும் இனிப்பும் நிறைந்த கூடைகளை அனுப்பினார்கள். 'டாலி' என்று அதற்குப் பெயர். அந்நாளைய கொல்கத்தாவின் பொரோதின் ஆரவாரத்தைக் கவிஞர் ஈஸ்வரசந்திர குப்தர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கேலியாகப் பாடிவிட்டார். அடிவருடித்தனம் என்று இன்று சொல்பவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால், டாலி கூடையோடு கதை முடிந்துவிடவில்லை. வங்கத்தில் இயேசுவைத் தமதாக்கிக் கொண்டவர்களில் முதன்மையானவர்கள், பாதிரிமார்களோடு மோதியவர்களே.

கொல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையில் உள்ள ஸ்ரீராம்பூரை டென்மார்க் அரசு ஆண்டுவந்தது. அதன் மற்றொரு குடியேற்றம் நம் தரங்கம்பாடி. இரண்டையும் சேர்த்தே 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றது அந்த அரசு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதைப் போல, ஸ்ரீராம்பூரில் வில்லியம் கேரி 1801-இல் வங்க மொழியில் அச்சிட்டார். அங்கிருந்த பாதிரிமார்களுக்குப் பெரும் தலைவலியாக வந்து சேர்ந்தவர் ராஜாராம் மோகன்ராய். 1820-இல் இயேசுவின் நீதிமொழிகளை மட்டும் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டார். அற்புதங்களையும், இயேசுவே கடவுள் என்னும் கோட்பாட்டையும் விலக்கிவிட்டார். பாதிரியார் மார்ஷ்மன் சீறினார். ராய் விடாமல் பதில் எழுதினார். இயேசுவை ஏற்பதற்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்ற நிலைப்பாடு வங்கத்தில் வேரூன்றியது அந்த விவாதத்தில்தான்.

அடுத்த தலைமுறையில் கிருஷ்ணமோகன் பானர்ஜி, மைக்கேல் மதுசூதன தத்தர் போன்ற படித்த உயர்குலத்து இளைஞர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது கொல்கத்தா கொந்தளித்தது. 1845-இல் பாதிரியார் டஃபின் மதமாற்றப் பணிக்கு எதிராக ஊரைத் திரட்டி, இந்துச் சிறுவர்களுக்கென இலவசப் பள்ளி தொடங்க முன்னின்றவர் தேவேந்திரநாத் தாகூர். மதமாற்றத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இன்றைய அமைப்புகள் முன்னோடி என்று உரிமை கொண்டாடத் தக்க மனிதர் அவர்.

அவருடைய மகன்தான் ரவீந்திரநாத். தந்தை உருவாக்கிய சாந்திநிகேதன் கண்ணாடி வழிபாட்டு மண்டபத்தில், 1910-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கிறிஸ்து விழாவைத் தொடங்கியவர் அவர். சிலையோ சிலுவையோ இல்லாத அந்த மண்டபத்தில் ஆண்டுதோறும் மெழுகுவத்தி ஒளியில் பாடலும் உரையும் என்ற வழக்கம் தொடர்ந்தது. தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்ற பௌஷ மாதம் 7-ஆம் நாளையொட்டி நடக்கும் பௌஷ உற்சவத்தின் தொடர்ச்சியாகவே அது அமைந்தது. தாகூரின் இயேசு, தேவாலயத்துக்குள் அடங்குபவர் அல்லர். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1939-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளன்று அவர் எழுதிய பாடல், அன்று இயேசுவைக் கொன்றவர்களே இன்று பக்தர்களாக வேடமிட்டுத் தேவாலயங்களில் நிற்கிறார்கள் என்று ஐரோப்பாவைக் குற்றம் சாட்டுகிறது. இது வெள்ளைக்காரனுக்குக் கூடை அனுப்பிய மனநிலை அன்று. பண்டிகைக்கு உரியவனையே அந்தப் பண்டிகையை முன்னிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்ட மனநிலை.

சாதாரண வங்காளி இவ்வளவையும் எண்ணிக்கொண்டா டிசம்பர் 25 அன்று வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்? இல்லை. அவருக்கு அது குளிர்காலத்தின் திருநாள். ஈச்ச மரத்துப் புதுவெல்லம் கடைக்கு வரும் பருவம். டார்ஜிலிங் ஆரஞ்சு கூடை கூடையாக இறங்கும் பருவம். குடும்பத்தோடு அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குச் செல்ல வேண்டும். புல்வெளியில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ண வேண்டும். மாலையில் செயின்ட் பால் கதீட்ரல் வாசலில் வரிசையில் நின்று உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, பார்க் ஸ்ட்ரீட்டின் விளக்குகளுக்கு அடியில் நெரிசலில் நகர வேண்டும். 2004-இல் அன்னை தெரசா சரணி என்று பெயர் மாற்றப்பட்ட பின்னும் மக்கள் வாயில் அது பார்க் ஸ்ட்ரீட்தான். துர்கா பூஜையில் பந்தல் பந்தலாகச் சென்று பார்க்கும் அதே கால்கள்தான் இங்கும் நடக்கின்றன.

கேக் இல்லாமல் பொரோதின் இல்லை. நியூ மார்க்கெட்டுக்குள், பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம் 1902-இல் தொடங்கிய நஹூம் கடையின் முன்னால் டிசம்பரில் வரிசை நீண்டு கிடக்கும். யூதரின் கடை, முஸ்லிம் தொழிலாளி சுட்ட கேக், வாங்கும் இந்து, பண்டிகையோ கிறிஸ்தவருடையது என்று ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகைகள் எழுதுகின்றன. பொய்யில்லை. ஆனால், அந்த வாக்கியத்தின் அழகில் மயங்கியவர்கள் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. வங்கத்தில் வாழும் கிறிஸ்தவர் இந்தக் கொண்டாட்டத்தில் எங்கே இருக்கிறார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மேற்கு வங்கத்தில் கிறிஸ்தவர்கள் 0.72 சதவீதம், ஏறத்தாழ ஆறரை லட்சம் பேர். தமிழகத்தில் இது 6 சதவீதத்துக்கும் மேல். அந்த ஆறரை லட்சத்தில் பார்க் ஸ்ட்ரீட் பக்கத்து ஆங்கிலோ இந்தியர்கள் சிறு துளி. போ பாரக்ஸின் செங்கல் குடியிருப்புகளில் எஞ்சியிருக்கும் குடும்பங்களைத் தொலைக்காட்சிகள் டிசம்பர்தோறும் தேடிச் செல்கின்றன. வடக்கே ஜல்பாய்குரி, அலிப்பூர்துவார் மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் உராவ், முண்டா பழங்குடிக் கிறிஸ்தவர்களைத் தேடி எந்தக் கேமராவும் செல்வதில்லை. சைதன்யர் பிறந்த நதியா மாவட்டத்தில் வங்கக் கிறிஸ்தவர்கள் மிருதங்க வகையைச் சேர்ந்த கோல் முழக்கி, கைத்தாளம் தட்டி, வைணவ சங்கீர்த்தன மெட்டில் இயேசு பிறப்பைப் பாடுகிறார்கள். அம்மாவட்டத் தலைநகரான கிருஷ்ணாநகர், துர்கைக்கும் கிருஷ்ணருக்கும் உருவம் செய்யும் களிமண் பொம்மைக் கலைஞர்களின் ஊர். மாட்டுத் தொழுவத்துக் குழந்தையும் அதே விரல்களில்தான் உருவாகிறது. பேலூரில் இந்துத் துறவி இயேசுவுக்கு ஆரத்தி எடுப்பதன் மறுபக்கம் இது. கொல்கத்தா இதைப் பார்க்க மறந்தது.

2011-இல் ஆட்சிக்கு வந்த மம்தா பானர்ஜி அரசு, அந்த ஆண்டே சுற்றுலாத் துறையின் மூலம் பார்க் ஸ்ட்ரீட் ஆலன் பூங்காவில் கிறிஸ்துமஸ் திருவிழாவைத் தொடங்கியது. முதலமைச்சரே நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்வதும் வழக்கமாயிற்று. நல்லெண்ணம் என்று ஒரு சாராரும் வாக்கு வங்கி என்று மறுசாராரும் சொல்வார்கள். முக்கால் சதவீதத்தை எட்டாத மக்களை நம்பி வாக்கு வங்கி நடத்துவது கடினமான காரியம். அங்கே திரளும் கூட்டம் இந்துக்களுடையது என்பது இரு சாராருக்குமே தெரியும். ஆனால், அரசு விழா ஆனதும் மேடையும் விளக்கும் பெரிதாகி, தாகூரும் விவேகானந்தரும் விட்டுச் சென்ற பொருள் சிறிதாகிவிட்டது என்ற குறையை மறுக்க முடியாது. விளக்கு அலங்காரத்தை அரசியல் ஆதாயம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆண்ட்பூர் நெருப்பை அப்படித் தள்ள முடியாது.

புது தில்லியும் இந்த நாளை விட்டுவைக்கவில்லை. 2014-இல் மத்திய அரசு, முன்னாள் பிரதமர் வாஜ்பாயின் பிறந்த நாளான டிசம்பர் 25-ஐ நல்லாட்சி நாளாக அறிவித்தது. பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி அன்று நடக்குமா என்ற சர்ச்சை நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. வாஜ்பாய் அந்த நாளில் பிறந்தது யாருடைய குற்றமும் அன்று. அரசின் அழைப்புக்கு வேறு நாளா கிடைக்கவில்லை என்ற கேள்விதான் எழுந்தது. சாந்திநிகேதனில் உள்ள விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகம். அதன் வேந்தர் பதவி பிரதமருக்கு உரியது. கிறிஸ்து விழா அப்பல்கலைக்கழக மரபின் ஒரு பகுதி என்பதை அன்று தில்லியில் எவரும் நினைவுபடுத்தியதாகத் தெரியவில்லை.

சில்சார் சம்பவம் நடந்த அதே 2021 டிசம்பர் 25 அன்றுதான், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டி அமைப்பு வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவைப் புதுப்பிக்க மத்திய உள்துறை அமைச்சகம் மறுத்தது. தகுதி நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்பது அமைச்சகத்தின் விளக்கம். இரண்டு வாரத்துக்குள் பதிவு திரும்ப வழங்கப்பட்டது. நிபந்தனைகள் அத்தனை விரைவில் எப்படி நிறைவேறின என்பது விளக்கப்படவில்லை.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று கொல்கத்தா பிரிகேட் மைதானத்தில் ஒரு லட்சம் குரல்களில் பகவத் கீதை ஓதும் நிகழ்ச்சிக்கு ஏற்பாடாகியிருந்தது. கீதை ஓதுவதற்கு எந்த நாளும் நல்ல நாளே. அன்று மாலை, கங்கையின் மறு கரையில் பேலூர் மடத்துத் துறவிகள், தாங்கள் நாளும் படிக்கும் கீதையோடு விவிலியத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாதா படத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றினார்கள்.