விமானம் ஓட்ட ஆள் வேணுமாம்! எந்த ஆள்?

"மெயில் வந்துச்சா தம்பி?"

பைலட் லைசென்ஸ் வாங்கிவிட்டு வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளைத் தினமும் துரத்தும் கேள்வி இது. காலையில் அப்பா கேட்பார். மாலையில் பக்கத்து வீட்டு மாமா கேட்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள்.

பையன் தலையைக் குனிந்துகொள்வான். "இன்னும் இல்லப்பா" என்பான்.

ஆனால் பேப்பரைப் பிரித்தால் வேறு கதை. 'விமானிகளுக்குப் பஞ்சம்', 'ஆயிரக்கணக்கில் வேலை' என்று கொட்டை எழுத்தில் செய்தி. இரண்டில் எது நிஜம்?

இரண்டுமே நிஜம்தான். அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

விமானங்கள் வருகின்றன

வேலை வாய்ப்பு பெருகுவது பொய் அல்ல. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 ஏர்பஸ் விமானங்கள் கேட்டது. 2024 ஜனவரியில் ஆகாசா 150 போயிங் விமானங்களுக்குக் கையெழுத்துப் போட்டது. மூன்றையும் கூட்டினால் 1,120.

ஒரு விமானத்துக்கு எத்தனை பைலட் வேண்டும்? "ரெண்டு பேர்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது தப்பு.

இதோ கணக்கு. ஒரு விமானம் தினமும் 12 மணி நேரம் பறக்கிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 4,380 மணி. இரண்டு ஸீட்டுக்கும் சேர்த்து 8,760 மணி. ஒரு பைலட் வருடத்தில் 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே ஒரே ஒரு விமானத்துக்குக் குறைந்தது 9 பேர். லீவு, உடம்பு சரியில்லை, டிரெயினிங் என்று கழித்தால் ஒரு டஜன் பேர் இருந்தால்தான் வண்டி ஓடும்.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் நாடே பார்த்தது. விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் ஓய்வு, இரவில் தரையிறங்குவதற்குக் கட்டுப்பாடு என்று புது விதிகள் வந்தன. அதற்கு ஏற்றபடி ஆள் தயாராக இல்லை. இண்டிகோ விமானங்கள் ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்தாயின. சென்னை மீனம்பாக்கம் உள்பட பல ஊர்களில் ஜனங்கள் பெட்டியும் கையுமாகத் தவித்தார்கள்.

அந்த விதி தப்பான விதி அல்ல. தூக்கம் இல்லாமல் பஸ் ஓட்டினாலே ஆபத்து. 180 பேரைச் சுமந்துகொண்டு பறப்பவர் கண் அசரலாமா? விதியைக் குறை சொல்வதை விட்டுவிட்டு ஆளை எடுக்க வேண்டும்.

"அப்படீன்னா என் பிள்ளைக்கு உடனே வேலைதானே சார்?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பஞ்சம் கேப்டனுக்கு!

லைசென்ஸ் என்று நாம் சொல்வது கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். பிளஸ்-2வில் பிசிக்ஸ், கணக்கு பாஸ் செய்திருக்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். டாக்டர் பரிசோதனையிலும், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் எழுத்துப் பரீட்சைகளிலும் தேற வேண்டும். அந்த 200 மணியும் பெரும்பாலும் சின்னஞ்சிறு விமானத்தில் பறந்தது.

கேப்டன் ஆக வேண்டும் என்றால் வேறு லைசென்ஸ். அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதோடு கம்பெனிகள் கேட்கும் அனுபவமும் சேரப் பல வருடம் ஆகும்.

கம்பெனிகள் அலைந்து தேடுவது பெரும்பாலும் இந்தக் கேப்டன்களைத்தான். வெளிநாட்டிலிருந்து கூட ஆள் கூட்டி வருகிறார்கள். வாசலில் வரிசையில் நிற்பதோ 200 மணிப் பிள்ளைகள்.

கோ-பைலட்டும் விமானம் ஓட்டுகிறவர்தான். ஆனால் பக்கத்து ஸீட்டில் கேப்டன் இல்லாமல் அவர் பறக்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் பயிற்சி கொடுக்கும் கேப்டனோடுதான் முதலில் பறக்க வேண்டும். அந்தக் கேப்டன்களும் கொஞ்சப் பேர்தான். ஆகவே கதவு திறந்திருந்தாலும் ஒவ்வொருத்தராகத்தான் உள்ளே போக முடிகிறது.

வெளியே கூட்டமோ கூடிக்கொண்டே இருக்கிறது. 2020-ல் நாடு முழுவதும் கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் 578. 2023-ல் 1,622. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

ஆர்டர் கொடுத்த விமானங்கள் நாளைக்கே வந்து இறங்கிவிடப் போவதும் இல்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். என்ஜின் கோளாறால் இண்டிகோவின் பல விமானங்கள் 2023, 2024-ல் தரையிலேயே நின்றதையும் மறந்துவிடக் கூடாது.

லைசென்ஸோடு முடிவதில்லை

சில பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை. கையில் லைசென்ஸ் வந்தால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாதிக் கதைதான் முடிந்தது.

ஏர்பஸ் 320 ஓட்ட வேண்டும் என்றால் அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். போயிங் 737 என்றால் அதற்குத் தனி. இதற்கு 'டைப் ரேட்டிங்' என்று பெயர். நிஜ விமானம் போலவே ஆடும் சிமுலேட்டர் கூண்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். செலவு பெரும்பாலும் 15 லட்ச ரூபாய்க்கு மேல்.

இதையும் பல பிள்ளைகள் சொந்தப் பணத்தில் முடித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஏர்பஸ் பயிற்சி முடித்தவனைப் பார்த்துப் போயிங் கம்பெனி "எங்ககிட்ட அந்த வண்டி இல்லையே தம்பி" என்றால் என்ன செய்வது?

காத்திருக்கும் காலத்திலும் செலவு நிற்காது. கருவிகளைப் பார்த்துப் பறக்கும் தகுதிக்கு வருடாவருடம் பரீட்சை உண்டு. டாக்டர் சர்டிபிகேட்டைப் புதுப்பிக்க வேண்டும். பறக்காமல் இருந்தால் கை விட்டுப் போகும். அதற்காகக் காசு கொடுத்துப் பறக்க வேண்டும்.

கடன் தூங்காது

பயிற்சிக்கு மட்டும் அரைக் கோடிக்கு மேல் ஆகிறது. டைப் ரேட்டிங்கும் சேர்ந்தால் சொல்ல வேண்டாம். கம்பெனிகளே நடத்தும் 'கேடட்' திட்டங்களில் சில, கோடியைத் தொடுகின்றன.

இத்தனை பணம் யாரிடம் இருக்கிறது? ரெயில்வேயில் வேலை பார்த்த அப்பா பி.எப். பணத்தைக் கொடுக்கிறார். அம்மா நகையைக் கழற்றுகிறார். ஊரில் இருக்கும் நிலத்தை விற்கிறார்கள். மிச்சத்துக்கு வீட்டுப் பத்திரம் பாங்குக்குப் போகிறது.

60 லட்ச ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்று வையுங்கள். மாதம் சுமார் 82 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி மட்டும் 55 ஆயிரம் ஏறும். ஒரு வருடம் காத்திருந்தால் 6 லட்சத்து 60 ஆயிரம் போயாச்சு!

விளம்பரத்தில் போடும் பெரிய சம்பளம் கேப்டன் சம்பளம். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஆரம்பத்தில் டிரெயினி சம்பளம்தான்.

இதற்கு முன்பும் இப்படித்தான்

2005-லிருந்து இரண்டு மூன்று வருடம் இதே மாதிரி ஒரு அலை அடித்தது. புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. வீட்டை விற்றுப் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 2008-ல் பொருளாதாரம் படுத்தது. லைசென்ஸோடு திரும்பி வந்தவர்கள் வருடக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்தார்கள். கால் சென்டருக்குப் போனவர்களும் உண்டு.

2012 அக்டோபரில் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020-ல் கொரோனா வந்து இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே பறக்கவில்லை. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது.

ஒரு கம்பெனி மூடினால் அதில் இருந்த அனுபவசாலிகள் அத்தனை பேரும் அடுத்த கம்பெனி வாசலுக்கு வருவார்கள். 3,000 மணி பறந்தவர் பக்கத்தில் 200 மணிக்காரன் நின்றால் யாரை எடுப்பார்கள்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனாலும் ஒன்று. 2020-ல் "இந்தத் தொழிலே முடிஞ்சு போச்சு" என்றார்கள். முடியவில்லை. பொறுமையாக இருந்து, தகுதியை விடாமல் வைத்திருந்தவர்களுக்குப் பின்னால் வேலை கிடைத்தது. இந்தத் தொழில் ஏற்ற இறக்கம் உள்ள தொழில். அது தெரிந்து இறங்க வேண்டும்.

புரோக்கர் ஜாக்கிரதை!

ஆசை இருக்கும் இடத்தில் ஆசாமிகளும் இருப்பார்கள். "பீஸ் கட்டுங்க சார், வேலைக்கு நான் கியாரண்டி" என்பான் ஒருவன். "பெரிய இடத்துல நமக்கு ஆள் இருக்கு" என்பான் இன்னொருவன்.

நம்பாதீர்கள். எந்தப் பயிற்சிப் பள்ளியும் வேலைக்குக் கியாரண்டி கொடுக்க முடியாது.

2011-ல் என்ன நடந்தது? போலி மார்க் ஷீட் காட்டி உயர் லைசென்ஸ் வாங்கியதாக விமானிகள் சிலரை டெல்லி போலீசார் கைது செய்தார்கள். ராஜஸ்தானில் பறக்காமலே பறந்ததாக மணிக்கணக்கு எழுதியதும் அதே ஆண்டு வெளியே வந்தது. நாடு முழுவதும் விமானிகளின் சர்டிபிகேட்டுகளைத் தோண்டித் துருவினார்கள்.

குறுக்கு வழியில் கார் லைசென்ஸ் வாங்கினால் ஒரு சுவரோடு போகும். இதில் அப்படி இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் பெற்றோர் நாலு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: பிள்ளைக்கு முதல் தர மருத்துவச் சான்று கிடைக்குமா? இதைப் பணம் கட்டிவிட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நிறக்குருடு இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. கண்ணாடி போட்டவன் பைலட் ஆகவே முடியாது என்பது மட்டும் வீண் பேச்சு.

இரண்டாவது: பள்ளியில் எத்தனை விமானம் ஓடுகிற நிலையில் இருக்கிறது? எத்தனை வாத்தியார்? 200 மணி பறக்க எத்தனை மாதம்? விமானம் இல்லாமல் வருடங்கள் இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு.

மூன்றாவது: பள்ளியின் தரம் என்ன? விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2025-ல் முதல் முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போட்டது. 'ஏ' தரம் ஒன்றுக்குக் கூட இல்லை! 13 பள்ளிகளுக்கு 'பி', 22 பள்ளிகளுக்கு 'சி'. இவ்வளவு பீஸ் வாங்கும் இடங்களின் லட்சணம் இது.

நாலாவது: வேலை இரண்டு வருடம் தாமதமானால் தவணையை யார் கட்டுவது? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசிவிட வேண்டும்.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்பதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பேர் பெண்கள். உலக சராசரியைப் போல மூன்று மடங்கு.

அரசும் கம்பெனிகளும் செய்ய வேண்டியது

அடுத்த 15, 20 வருடத்தில் 30 ஆயிரம் விமானிகள் தேவை என்று மத்திய மந்திரி 2025-ல் சொன்னார். நல்ல செய்தி. ஆனால் 20 வருடக் கணக்கு இந்த வருடத் தவணையைக் கட்டாது.

வருடத்துக்கு எத்தனை லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று கணக்கு வருகிறது. அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த ஒரு நம்பர் தெரிந்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். புரோக்கர்களின் வாயும் மூடும்.

டைப் ரேட்டிங் செலவைக் கம்பெனிகளே ஏற்கட்டும். வேண்டுமானால் சில வருடம் வேலை செய்வதாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும். வேலைக்கு எடுத்த பிறகு தொழில் சொல்லிக் கொடுப்பதுதானே முறை? பஸ் டிரைவரிடம் "பஸ் பழகக் காசு கட்டு" என்று எந்தப் போக்குவரத்துக் கழகமும் கேட்பதில்லையே!

ஏர் இந்தியா மராட்டிய மாநிலம் அமராவதியில் வருடத்துக்கு 180 பேரைத் தயார் செய்யும் பள்ளி தொடங்குவதாக 2024-ல் அறிவித்தது. வரவேற்கலாம். ஆனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நுழையும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. உத்தரப்பிரதேசத்தில் பர்சத்கஞ்ச் என்ற இடத்தில் மத்திய அரசின் பயிற்சி நிலையம் ஒன்று 1980-களிலிருந்து இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். அதுபோல் தெற்கிலும் ஒன்று வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் காசு தடையாக இருக்கக் கூடாது.

வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வேலை வருகிறது. ஆனால் வரிசையாகத்தான் வரும். படிப்பை மூட்டை கட்டாதீர்கள். மருத்துவச் சான்றையும் பறக்கும் தகுதியையும் காலாவதியாக விடாதீர்கள். இடைக்காலத்தில் வேறு வேலை செய்வது அவமானம் அல்ல.

பக்கத்து வீட்டு மாமாவுக்கும் ஒரு வார்த்தை. இனிமேல் "மெயில் வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். வந்தால் அந்தப் பிள்ளையே முதலில் உங்கள் வீட்டுக்கு ஸ்வீட் கொண்டு வருவான்.