ஐம்பதில் வளையாதா?

சென்ற வாரம் எமது கல்லூரியின் ஆசிரியர் அறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர், நாற்பத்தேழு வயதினர், மேசைமீது ஒரு விண்ணப்பப் படிவத்தை விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். முதுமாணி வகுப்பிற் சேர்வதற்கான படிவம் அது. தந்தையார் காலமானதும் தங்கைமாரைக் கரைசேர்ப்பதற்காக அவர் இடையிற் கைவிட்ட படிப்பு. அவ்வழியே வந்த இளம் ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, மாஸ்டர்?” என்றார். அறையே சிரித்தது. நண்பரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே படிவத்தை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்: நாமும் சிரித்தோம்.

அன்று மாலை வெள்ளவத்தைக்குத் திரும்புகையில், எமது பஸ் பழைய குதிரைப் பந்தயத் திடலைக் கடந்து சென்றது. ஒரு காலத்தில் கொழும்பின் செல்வர்கள் குழுமிய திடல் அது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளமாயிற்று. இப்போது அங்கே இளைஞர்கள் றகர் விளையாடுகின்றார்கள். அத்திடலைக் கண்டதும் யப்பானியக் குதிரை வீரர் ஒருவரின் நினைவு எழுந்தது. அவர் பெயர் ஹிரோஷி ஹோகெத்சு.

1941 ஆம் ஆண்டு பிறந்த ஹோகெத்சு, பன்னிரண்டாம் வயதிற் குதிரையேற்றம் பயிலத் தொடங்கினார். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக் விழாவில், தடை தாண்டும் போட்டியிற் கலந்துகொண்டு நாற்பதாம் இடத்தைப் பெற்றார். பின்னர் மற்றவர்களைப் போல் உத்தியோகத்துக்குச் சென்றார். மருந்துத் துறை நிறுவனமொன்றில் உயர்ந்த பதவியும் வகித்தார். ஆயினும் விடியற்காலையிற் குதிரையேறிவிட்டே அலுவலகம் செல்லும் வழக்கத்தை அவர் விடவில்லை.

காலப்போக்கில் அவருடைய கண்பார்வை மங்கியது. தாண்ட வேண்டிய தடைக்கும் குதிரைக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சரியாக மட்டிட முடியவில்லை. தடை தாண்டுவோனுக்கு இது பெருங்குறை. ஹோகெத்சு குதிரையை விடவில்லை, துறையை மாற்றினார். ‘டிரெசாஜ்’ எனப்படும் நடைப் பயிற்சிக்குத் திரும்பினார். 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட களத்தில், பார்ப்போர் கண்ணுக்குத் தெரியாத கால் அசைவினாலும் உடற் பாரத்தினாலும் ஏறியவர் கட்டளையிட, குதிரை நடந்தும் ஓடியும் சுழன்றும் காட்ட வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிடுவர். அங்கே இளமையின் வேகத்தைவிடப் பொறுமை பெரிது.

புதிய துறையிலும் அதிர்ஷ்டம் உடனே கைகொடுக்கவில்லை. 1984 இல் அவர் மேலதிக வீரராகவே இருந்தார். 1988 இல் தகுதி கிடைத்தும், குதிரையின் தொற்றுத் தடுப்புச் சிக்கலினாற் பங்குபற்ற முடியவில்லை. அப்போது அவருக்கு வயது 47. எமது நண்பரின் வயது! 2003 இல் ஓய்வு பெற்றதும் அவர் குடும்பத்தைப் பிரிந்து ஜேர்மனியிலுள்ள ஆகென் நகருக்குச் சென்று, ஒரு பயிற்சியாளரிடம் மாணாக்கராக அமர்ந்தார். 2008 இல், தம் 67 ஆம் வயதில், ‘விஸ்பர்’ என்னும் பெண் குதிரையுடன் பீஜிங் ஒலிம்பிக் களத்துட் புகுந்தார். முதல் ஒலிம்பிக்குக்கும் இதற்கும் இடையே 44 ஆண்டுகள்! 2012 இல் லண்டனிலும் அதே குதிரையில் ஏறினார். அப்போது வயது 71.

பதக்கம் பெற்றாரா என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. ஆனால் பதக்கம் வேறு, தகுதி வேறு. குதிரையேற்றத்திலே கடினமானதென்று கருதப்படும் ‘ஈவென்டிங்’ என்னும் முத்துறைப் போட்டியைப் பாருங்கள். முதலில் நடைப் பயிற்சி. அடுத்து மேடும் பள்ளமும் நீர்நிலையும் வேலிகளும் கடந்து செல்லும் ‘குறொஸ் கன்றி’ ஓட்டம். இறுதியிற் களத்தினுள் தடை தாண்டல். 1912 இல் ஒலிம்பிக்கிற் சேர்க்கப்பட்டபோது இது இராணுவ அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. பெண்கள் முதன்முதற் கலந்துகொண்டது 1964 இலேதான். இதன் உயர்ந்த படிகளுக்குச் செல்ல விரும்புவோர் கீழ்ப்படிப் போட்டிகளில் முதலிடம் பெற வேண்டுமென்பதில்லை. மூன்று துறைகளிலும் விதித்த குறைந்தபட்ச அளவை எட்டினாற் போதும். நடையில் நூற்றுக்கு 55 புள்ளி வேண்டும். தடை தாண்டலில் நான்கு கட்டைகளுக்கு மேல் விழலாகாது. போட்டியாளருக்குக் குறைந்த வயதெல்லை உண்டு. கூடிய வயதெல்லை கிடையாது. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ விழாவில், அவுஸ்திரேலியரான அன்ட்ரூ ஹோய் 62 ஆம் வயதில் இப்போட்டியில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் பெற்றார்.

அவ்விழாவில் எமது நாட்டின் பெயரும் குதிரைக் களத்தில் ஒலித்தது. இலங்கையிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே சுவீடன் குடும்பமொன்றினால் தத்தெடுக்கப்பட்ட மத்தில்டா கார்ல்சன், முப்பதுகளின் நடுப்பகுதியில், தடை தாண்டலில் இலங்கையின் சார்பிற் போட்டியிட்டார். ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இந்நாட்டின் முதற் பிரதிநிதி அவரே. இறுதிச் சுற்றுக்கு அவர் தேறவில்லை. ஆயினும் அதுவரை திறவாதிருந்த ஒரு கதவு திறந்தது.

இவற்றைக் கொண்டு, எவரும் எந்த வயதிலும் எதையும் சாதிக்கலாம் என்று நாம் கூற வரவில்லை. மங்கிய கண் மங்கியதுதான். ஹோகெத்சு அதை மறுக்கவில்லை. 2016 ஆம் ஆண்டு விழாவுக்கும் அவர் முயன்றார். சென்றிருந்தால் ஒலிம்பிக் வரலாற்றிலேயே வயதில் மூத்த போட்டியாளர் அவராகியிருப்பார். குதிரை நோயுற்றது, முயற்சி அத்துடன் நின்றது. எங்கே நிற்பது என்பதை அறிவதும் தகுதியின் ஒரு பகுதியேயாகும்.

பழமொழியும் பொய்யன்று. ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு. ஹோகெத்சு சிறு வயதிலேயே வளைந்தவர். எமது நண்பரும் அப்படியே. மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். குடும்பச் சுமையல்லவா அவரை இடையில் நிறுத்தியது? அத்தகையவர் மறுபடியும் புத்தகத்தைத் தொடும்போது, ‘வளையுமா?’ என்று கேட்பதற்கு நாம் யார்?

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தாயார் நாற்பத்தைந்து வயதிற் கணினி பழக விரும்பலாம். தந்தையார் பாதியில் விட்ட வயலினை மீண்டும் கையில் எடுக்கலாம். அபசுரம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தத்தித் தத்தி நடந்த நாளில் அவர்கள் சிரித்தது கைதட்டிக்கொண்டேயாகும்.

திங்கட்கிழமை நண்பரிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் இழுப்பறையைத் திறந்து, மடிப்பு விழுந்த படிவத்தை எடுத்தார். முடிவுத் திகதிக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன. எமது பேனாவை நீட்டினோம். பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதி முடித்தபின் அவர் எம்மை நிமிர்ந்து பார்த்து, “நீங்களும் ஒரு காலத்தில் ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொன்னீர்களே, மாஸ்டர்; உங்களுக்கும் ஒரு படிவம் வாங்கி வரட்டுமா?” என்று கேட்டார்.

அதற்கு மறுமொழி கூற எமக்கு இன்னும் ஒரு கிழமை தவணை வேண்டும்.