பட்டாள சப்ளை வேலைக்கு மாறலாமா?

"ராணுவ ஆர்டர் நிறைய வருகிறதாம். ஆள் எடுக்கிறார்களாம். இருக்கிற வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்துவிடலாமா?"

தங்கவயலில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரெயிலேறி பெங்களூர் போய், இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிட்டர் கேட்கிறார். தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் குமாஸ்தா கேட்கிறார். ஐ.டி.ஐ. படித்த மகனை வைத்துக்கொண்டு எந்த வாசலைத் தட்டுவது என்று தெரியாத தகப்பனாரும் கேட்கிறார்.

கேட்பதில் தவறு இல்லை. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு 101 ராணுவத் தளவாடங்களை இனி வெளிநாட்டில் வாங்குவதில்லை என்று பட்டியல் போட்டது. பிறகு அந்தப் பட்டியல் நீண்டது. 2024-25ஆம் ஆண்டில் நாட்டின் ராணுவத் தளவாட உற்பத்தி ஒன்றரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இவ்வளவு பணம் புரளும் தொழிலில் நமக்கும் ஒரு கை வேலை கிடைக்காதா என்று தொழிலாளி நினைப்பது இயற்கை.

ஆனால் பட்டாள ஆர்டர் என்றாலே நிரந்தரச் சோறு என்று நினைப்பது சரிதானா? அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தங்கம் சொன்ன பாடம்

'சர்க்கார் சொத்து, மூடவே மாட்டார்கள்' என்ற பேச்சை இந்த ஊர் முன்பே கேட்டிருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. வடஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து பாதாளத்தில் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. 1956இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்குப் போனது. 1962இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்று பெயர் மாறியது. தனியார் கையிலிருந்து மாநிலம், மாநிலத்திலிருந்து மத்திய அரசு என்று ஒவ்வொரு படியிலும் 'இனிமேல் கவலை இல்லை' என்றுதான் தொழிலாளி நினைத்தான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் வேலை இழந்தார்கள். ஒரு டன் பாறையில் கிடைக்கும் தங்கம் குறைந்தது. அதை எடுக்கும் செலவு ஏறியது. கணக்கு உதைத்தது. மத்திய அரசு என்ற பெயர்ப் பலகை அந்தக் கணக்கை மாற்றவில்லை.

அன்று யார் தப்பித்தார்கள்? கையில் ஊரெல்லாம் செல்லுபடியாகும் தொழில் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். வெல்டருக்கும் எலெக்ட்ரீசியனுக்கும் பெங்களூரில் வாசல் திறந்தது. பத்தாயிரம் அடி ஆழத்தில் பாறை துளைக்கத் தெரிந்தவனின் வித்தை எவ்வளவு அரியதாக இருந்தாலும், அதை விலைக்குக் கேட்க மேலே ஆள் இல்லை. வேலை மாற நினைப்பவர் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதைத்தான்.

பெமல் வந்த கதை

தங்கவயலில் பட்டாள சப்ளை என்றால் நினைவுக்கு வருவது பெமல். 1964 மே மாதம் பதிவான கம்பெனி, 1965 ஜனவரியில் வேலை தொடங்கியது. ராணுவ அமைச்சகத்தின் கீழ் வரும் கம்பெனி இது. புல்டோசர் முதல் பட்டாளத்து வண்டி வரை செய்து பெயர் வாங்கியது. செக்கோஸ்லோவாகிய நாட்டு டாட்ரா லாரிகளை இங்கே செய்ய 1986இல் ஒப்பந்தம் போட்டது. 'மாப்பிள்ளைக்குப் பெமலில் வேலை' என்றால் பெண் வீட்டார் மறுபேச்சு பேசாத காலம் ஒன்று இருந்தது.

அந்தப் பெமலின் பூர்வீகத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 1940இல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை அங்கே மலையாகக் குவிந்தது. ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். 1945இல் போர் முடிந்தது. வேலையும் வற்றியது. தொழிற்சாலையைக் காப்பாற்ற ரெயில் பெட்டி கட்டும் வேலையை எடுத்தார்கள். அந்த ரெயில் பெட்டிப் பிரிவுதான் பிறகு பெமலின் ஒரு பகுதியானது.

போர் கொடுத்த வேலையைச் சமாதானம் எடுத்துக்கொண்டது. ரெயில் பெட்டி காப்பாற்றியது. இன்றும் பெமல் பட்டாளத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இயந்திரம் செய்கிறது. மெட்ரோ ரெயில் பெட்டி செய்கிறது. ஒரு காலில் நிற்பதைவிட மூன்று காலில் நிற்பது நல்லது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது. தொழிலாளிக்கும் அது தெரிய வேண்டாமா?

பெய்தால் அடைமழை, விட்டால் வறட்சி

சோப்புக்கும் சீயக்காய்க்கும் தினம் வாங்குபவர் உண்டு. டாங்கிக்கு நாட்டில் ஒரே ஒரு வாங்குபவர்தான் உண்டு. அவர் வாங்கும் போது மொத்தமாக வாங்குவார். பிறகு வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்க மாட்டார்.

சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையைப் பாருங்கள். அர்ஜுன் டாங்கிக்கு முதல் ஆர்டர் 2000இல் வந்தது, 124 டாங்கிகள். அடுத்த 124க்கு ஆர்டர் 2010இல் வந்தது. அதற்கடுத்த ஆர்டர் 2021 செப்டம்பரில், 118 டாங்கிகள். பத்தாண்டுக்கு ஒரு முறை! ஆவடிக்கு வேறு டாங்கி வேலைகளும் இருந்தன, நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் நின்றுவிடவில்லை. ஆனால் அந்த ஒரு டாங்கிக்கு மட்டும் பாகம் செய்யலாம் என்று கடன் வாங்கி லேத் மிஷின் போட்ட சின்னப் பட்டறைக்காரர் இருந்தால், அவர் கதி என்னவாகியிருக்கும்? அவரிடம் வேலை செய்த டர்னரின் கதி என்ன?

யாருடைய சம்பளப் பட்டியல்?

எனவே, 'ராணுவக் கம்பெனியில் வேலை' என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: சம்பளம் கொடுப்பது யார்?

ஒரே கேட் வழியாக உள்ளே போகிறவர்களில் மூன்று வகை உண்டு. கம்பெனியின் சொந்தப் பட்டியலில் இருப்பவர் ஒருவர். காண்டிராக்டரின் பட்டியலில் இருப்பவர் இன்னொருவர். மூன்றாமவர் அப்ரண்டிஸ். மூவரும் ஒரே கூரையின் கீழ் வியர்வை சிந்தலாம். மாதக் கடைசியில் வாங்கும் கவர் வேறு வேறு.

அப்ரண்டிஸ் என்பது பயிற்சி. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஐ.டி.ஐ. முடித்த இளைஞனுக்கு அது நல்ல படிக்கட்டு. அந்தச் சான்றிதழுக்கு வெளியே மதிப்பு உண்டு. ஆனால் குடும்பஸ்தர் ஒருவர், கைவசம் உள்ள வேலையை விட்டுவிட்டு, அதை நம்பிப் போக முடியாது.

காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர், வாயால் சொல்லும் சம்பளத்தை நம்பக் கூடாது. நியமனக் கடிதம் உண்டா, பிராவிடண்டு பண்டு எண் உண்டா, பிடித்த பணம் மாதா மாதம் கட்டப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். காண்டிராக்டர் கூலி கொடுக்காமல் நழுவினால், வேலை வாங்கிய பெரிய கம்பெனியே அந்தக் கூலிக்குப் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வேலை செய்ததற்கு அத்தாட்சி கையில் இருந்தால்தான் அந்தச் சட்டம் உதவும்.

இன்னொன்று. 'இரண்டு லட்சம் கொடு, உள்ளே தள்ளிவிடுகிறேன்' என்று சொல்லும் புரோக்கர்கள் ஆர்டர் செய்தி வந்தாலே முளைத்துவிடுவார்கள். அரசாங்கக் கம்பெனியின் நிரந்தர வேலைக்கு வழி விளம்பரமும் தேர்வும்தான். பணம் கேட்பவன் வேலை தருபவன் அல்ல.

பெயர்ப் பலகையும் மாறும்

நிரந்தர வேலையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதிலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

நாட்டின் 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1ஆம் தேதி ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. ஆவடி, திருச்சி, அருவங்காடு எல்லாம் அதில் அடக்கம். சங்கங்கள் எதிர்த்தன. அந்த ஆண்டே ராணுவ உற்பத்தியில் வேலைநிறுத்தத்துக்குத் தடை போட மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. பெமலை எடுத்துக்கொண்டாலும், 2016இல் அதன் பங்கில் 26 சதவீதத்தை விற்க மத்திய அரசு கொள்கையளவில் முடிவு செய்தது. 2021 ஜனவரியில், நிர்வாகப் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பதாக, வாங்க விரும்புகிறவர்களை அழைத்தது.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. 'சர்க்கார் கம்பெனி' என்ற சொல்லில் 1972இல் இருந்த உறுதி இப்போது இல்லை என்பதை நினைவூட்டத்தான்.

குமாஸ்தாவுக்கும் இடம் உண்டு

பட்டாள சப்ளை என்றால் சுத்தியலும் வெல்டிங்கும் மட்டும் அல்ல. அதில் பாதி காகித வேலை. டெண்டர், சாம்பிள், தரப் பரிசோதனை, ஸ்டோர் கணக்கு, பில், பாக்கி வசூல் என்று குமாஸ்தாவின் கை படாத இடம் இல்லை. 2016 முதல் அரசாங்கக் கொள்முதலில் பெரும் பகுதி கம்ப்யூட்டர் சந்தைக்கு மாறிவிட்டது. அதில் பதிவு செய்து, விலை போட்டு, பில் அனுப்பத் தெரிந்தவரைச் சின்னப் பட்டறைகள் தேடுகின்றன.

சின்னத் தொழில் நடத்துபவருக்குச் சரக்கு ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படி வராத பணத்தை முறைப்படி கேட்டு வாங்கிக் கொடுக்கத் தெரிந்த குமாஸ்தா, முதலாளிக்கு வலது கை. இந்த வித்தை ராணுவத்துக்கு மட்டும் உரியதல்ல. ரெயில்வேக்குச் சப்ளை செய்தாலும், ஆஸ்பத்திரிக்குச் சப்ளை செய்தாலும் இதே நடைமுறைதான். ஆகவே குமாஸ்தா மாறலாம், கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு மாறலாம்.

கூடவே கன்னடம் எழுதப் படிக்கப் பழக வேண்டும். 2024 ஜூலையில் கர்நாடக மந்திரிசபை தனியார் வேலைகளில் மண்ணின் மைந்தர்களுக்கு இடஒதுக்கீடு மசோதாவை ஏற்று, பிறகு நிறுத்தி வைத்தது. அதில் உள்ளூர்க்காரர் என்பதற்குச் சொன்ன இலக்கணம்: மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும், 15 ஆண்டு குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டும். மசோதா வருகிறதோ இல்லையோ, நான்கு தலைமுறையாக இங்கே வாழும் தமிழன் எழுதப் படிக்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக வரிசையின் பின்னால் நிற்க வேண்டாம். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடமும் இங்கிலீஷும் என்பது பிழைக்கும் வழி.

முடிவு என்ன?

தினம் போக வர நாலு மணி நேரத்துக்கு மேல் ரெயிலில் கழிப்பவருக்கு, உள்ளூரில் கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும் வேலைகூட லாபம்தான். வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவதற்கும் விலை உண்டு. அதைக் கணக்கில் சேர்க்கட்டும். ஆனால் அந்த வேலை எத்தனை மாதம் நிற்கும் என்பதையும் சேர்க்கட்டும்.

கம்பெனியின் சொந்தப் பட்டியலில் இடம் கிடைத்தால் மாறலாம். அங்கே பழகும் தொழில் வெளியேயும் விலை போகும் என்றால் மாறலாம். கல்யாணமாகாத இளைஞன் அப்ரண்டிஸாகத் தாராளமாகப் போகலாம். ஆனால் முப்பத்தைந்தைத் தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருப்பவர், காண்டிராக்டரின் வாய்ச் சொல்லை நம்பி உள்ள வேலையை ராஜினாமா செய்வது புத்திசாலித்தனம் அல்ல. புது நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகே பழைய வேலைக்கு ராஜினாமா எழுத வேண்டும். ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிய பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எந்த வேலை நிரந்தரம், எது காண்டிராக்ட், எத்தனை மாதத்துக்கு, என்ன கூலி என்று கேட் வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிப் போடச் சொல்லிக் கேட்கட்டும். நாட்டின் பாதுகாப்பு ரகசியம் எதுவும் அதனால் வெளியே போய்விடாது. ஆள் எடுக்கும் போதே உண்மையைச் சொல்லிவிட்டால், வேலை தேடி வருபவன் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வான்.

800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்த ஊர் இது. கடைசியில் அதை எடுத்தவன் வீட்டில் மிஞ்சியது அவன் கைத்தொழிலும் பிள்ளைகளின் படிப்பும்தான். பட்டாள வேலைக்குப் போகிறவரும் அந்த இரண்டையும் விட்டுவிடாமல் போகட்டும்.